டாக்டரம்மாவின் கிள்ளல்

உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தொட்டிலில் கிடக்கும் தம்பி மகனின் வயிற்றை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளுகிறார் டாக்டரம்மா. விட்டதும் தோல் சட்டெனப் படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. பயலுக்குப் படக்கென்று படிகிறது. பின்னாலேயே வீலென்று ஓர் அலறல்.

"குரலும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார் திருப்தியாக.

அவருக்கு வேலை பிணவறையில், பிரேதப் பரிசோதனை. கவனிப்பாரின்றி இறந்த கைக்குழந்தைகள் இவர் மேசைக்குத்தான் வருகின்றன. அதனால் கொழுகொழுவென்று ஒரு குழந்தை எதிரே சிரித்தாலும் இவர் மனசு லேசில் நம்பாது. பால்புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். டயப்பரைக் கையில் ஏந்திக் கனம் பார்ப்பார். வெங்காயத்தைக் கொட்டிவிட்டுச் சமையலறைத் தராசில் பிள்ளையைக் கிடத்திய அன்று தம்பி மனைவி பொங்கிவிட்டாள்.

"உங்கக்கா கொஞ்ச வர்றாங்களா, கேஸ் எழுத வர்றாங்களா? இன்னொரு தடவ என் புள்ளயக் கிள்ளினா, இந்த வீட்டு வாசப்படிய மிதிக்க வேணாம்னு சொல்லிடுங்க!"

தம்பி மென்று விழுங்கிச் சொன்னான். டாக்டரம்மாவோ கல்யாணம் காட்சி எதுவும் இல்லாதவர். அவர் கை தொடுகிற உயிருள்ள குழந்தை இது ஒன்றுதான், பாவம்.

கோர்ட்டில் சாட்சி சொல்லும்போது மட்டும் நாக்கு தெளிவு. "குழந்தையைச் சாகவிட்ட அந்தத் தாய் ராட்சசிதானே?" என்று வக்கீல் துள்ளினால், "இல்லீங்க. தூக்கமில்லாம, சாப்பாடில்லாம, புத்தி கலங்கிக் கெடந்த பொண்ணு. வந்தவங்க எல்லாம் குழந்தை யார் ஜாடைன்னு பாத்தாங்க. பெத்தவ எந்திரிச்சு நடக்குறாளான்னு ஒருத்தரும் பாக்கல" என்பார். ஊருக்குச் சொல்கிற இந்தப் பாடம் தம்பி வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கதவு பாதிதான் திறந்தது.

"கிள்ள மாட்டேம்மா. தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

"நல்லாத்தான் இருக்கான். இந்தாங்க, நீங்களே பாருங்க" என்று தம்பி மனைவி பிள்ளையை நீட்டினாள். நீட்டியவளின் உதடு வெடித்திருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருந்தது. மேசையில் காலையில் ஊற்றிய டீ ஆடை கட்டிக் கிடந்தது.

பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட டாக்டரம்மா, நீட்டிய அவள் கையை மட்டும் விடவில்லை. புறங்கையை இரண்டு விரலால் கிள்ளினார்.

"ஐயோ அக்கா! இப்ப என்னையுமா?"

தோல் மடிப்பு அப்படியே நின்றது. பிறகு மெதுவாகப் படிந்தது.

டாக்டரம்மா தோளில் கிடந்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பெரிய குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, அவள் கடைசிச் சொட்டைக் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.