ஆலையில் போட்ட கற்றாழை

எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட். அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அகாவே சிரப்! கற்றாழையிலிருந்து எடுத்த இனிப்பு. சர்க்கரைக்கு இயற்கையான மாற்று என்று லேபிளே சொன்னது.

என் கணவருக்கு சுகர் பார்டரில் நிற்கிறது. மூன்று மாதமாகச் சர்க்கரை போடாத காபி. டம்ளரை வாங்கும்போது அவர் முகம் போகும் போக்கு இருக்கிறதே... பார்க்கச் சகிக்காது. அன்று மாலை ஒரு ஸ்பூன் சிரப் ஊற்றிக் கொடுத்தேன். மனுஷன் அப்படியே மலர்ந்துவிட்டார்! மறுநாள் இரண்டு ஸ்பூன். அதற்கு மறுநாள் மூன்று. தினமும் நான்கு காபி. இயற்கைதானே, என்ன ஆகிவிடும்?

அடுத்த மாதம் பரமத்தி வேலூரில் என் அண்ணன் தோட்டத்துக்குப் போனபோது பாட்டிலும் கூடவே வந்தது. அண்ணன் கரும்பு போட்டு, சொந்த ஆலையிலேயே வெல்லம் காய்ச்சுகிறவர். லேபிளில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

“ஏ அம்மிணி, இது நம்ம வேலியோரம் நிக்கற ஆனைக் கத்தாழையாச்சே! இதையா கடையில வாங்குனே?”

“அப்படீங்களா மச்சான்?” என்று என்னவர் எழுந்தே விட்டார்.

“பின்னே என்னுங்க மாப்ளே! கரும்பைப் புழியற ஆலை இதைப் புழியாதுங்களா? வாங்க போலாம்!”

எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. வீடியோ எடுத்ததே நான்தான்! இருவரும் மடல்களை வெட்டி ஆலைக்குள் செருகினார்கள். பச்சைச் சாறு பீச்சியடித்தது... பத்தே நிமிஷம். முழங்கை வரை சொறிந்துகொண்டு இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள்.

“நாளைக்கு இதுல கரும்பு ஆட்டோணுமே, ஆலையக் கெடுத்துப் போட்டீங்களே!” என்று அண்ணி சத்தம் போட்டார்.

அரிப்புக்குப் போன இடத்தில் டாக்டர் என்னவரின் சுகரையும் பார்த்தார். ஏறியிருந்தது.

“பாட்டில்ல வர்றது வேற கத்தாழைங்க. அதோட அடித்தண்டுச் சாறைக் காய்ச்சி எடுக்கறது. ஆனா அதுவும் சர்க்கரைதானுங்க. இயற்கைன்னா அளவு வேண்டாமுங்களா?”

கேட்டது அவரை. சுருக்கென்றது எனக்கு. ஆசை ஆசையாக ஊற்றியது நான்தானே? இயற்கை என்று எழுதியிருந்தால் போதும் — நம் கை ஸ்பூன் கணக்கை மறந்துவிடுகிறது.

இப்போது டாக்டர் கணக்குப்படி நாளுக்கு ஒரு காபிக்கு மட்டும் சிரப். அதுவும் ஒரே ஒரு ஸ்பூன். அந்த ஒரு டம்ளரை அவர் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் குடிக்கிறார்.

இருபது வருஷமாக நான் போட்ட காபியை இந்த மனுஷன் இப்படி ரசித்துக் குடித்ததே இல்லை!