அம்மாவின் பஸ்ஸில் ஓர் அறுவடை இயந்திரம்

என் அம்மா க்ளெண்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அந்த மஞ்சள் பஸ் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிற்கும். வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம். அப்படியிருந்தும் என் தம்பி வயட் போன வருடம் இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டான். நேரமாகிவிட்டால் அம்மா கதவை மூடிவிடுவாள். இவன் ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாலும் திறக்கமாட்டாள்.

“மத்த பிள்ளைங்க எல்லாம் குளிர்ல ரோட்டோரமா நிக்கிறாங்க. என் பிள்ளைங்கிறதால உனக்கு மட்டும் தனிக் கடிகாரமா?” என்று அன்று மாலை கேட்டாள். இரண்டு முறையும் அப்பாதான் முனகிக்கொண்டே அவனைப் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

சஸ்காச்சுவானில் எங்கள் பக்கம் பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கும். கோதுமையும் கடுகும் ஆளி என்கிற எண்ணெய்விதையும் விளைகிற நிலத்தின் நடுவே கோடு கிழித்தது போல நேரான சாலைகள். அம்மா தினமும் அந்தச் சாலைகளில் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துப் பள்ளியில் கொட்டிவிட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். நான் டாரா, மூத்தவள். ஜூன் மாதம் பள்ளியை முடித்துவிட்டேன். ஜனவரியில் நகரத்துக்குப் படிக்கப் போகிறேன். அதுவரை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அம்மாவே என்னைத் தன் பஸ்ஸில் உதவிக்குச் சேர்த்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. பள்ளிப் பிள்ளையாக இல்லாமல், கூட நின்று அம்மாவின் வேலையைப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை.

வீட்டில் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருக்கிற அம்மா பஸ்ஸில் வேறு ஆள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று ஏறுகிற முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தலைக்கு மேலே ஒரு பெட்டியில் ஜோடி சேராத கையுறைகள் கிடக்கும். வெறுங்கையோடு ஏறுகிறவனுக்கு ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் கிடைக்கும். சீட்டுகளுக்கு நடுவே நடைவழியில் ஒரு பென்சில் கிடந்தாலும் வண்டியை எடுக்கமாட்டாள். மடியிலோ சீட்டுக்கு அடியிலோ அடங்காத எதுவும் ஏறக்கூடாது. ஹாரனை ஆபத்துக்கு மட்டும்தான் தொடுவாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எதிரே வந்து கையசைத்தால் ஒரு விரலைத் தூக்குவாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் செப்டம்பரில் மழை விடவே இல்லை. அறுவடை நேரத்தில் மழை பெய்தால் அப்பா வீட்டில் இருப்பார். அப்பா வீட்டில் இருந்தால் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவர் கவலை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வயட்டுக்கு உள்ளூர சந்தோஷம். வெயில் அடித்தால் அப்பா அவன் எழுவதற்கு முன்னே போய், தூங்கிய பிறகுதான் வருவார்.

ஒரு சனிக்கிழமை அம்மா பொறுமையிழந்தாள். “மெர்வ், நீ நடக்கிற நடையில தரை தேஞ்சு போகப் போகுது. உன் பையன் ஹாலோவீனுக்கு அறுப்பு மெஷினா போகணும்னு சொல்றான். அதப் பண்ணிக் குடு.”

“மெஷினாவா? பேய், பூதம்லாம் என்ன ஆச்சு?”

“பேய் எல்லாரும்தான் போடுறாங்க அப்பா,” என்றான் வயட். “நம்ம மெஷின் மாதிரியே வேணும். பச்சைக் கலர்.”

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி கொட்டகையில் கிடந்தது. அப்பா அளவெடுக்க ஆரம்பித்ததும் முதலில் சொன்னது, “போய் பனி உடையைப் போட்டுட்டு வா.” ஹாலோவீன் என்றால் அக்டோபர் கடைசி ராத்திரி வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவது; எங்கள் ஊரில் இளவரசியானாலும் எலும்புக்கூடானாலும் கனத்த பனி உடைக்கு மேலேதான். அந்த ராத்திரி எப்போதும் குளிர் கொன்றுவிடும். என் தங்கை கெய்லி ஆறு வயதில் அழகான வண்ணத்துப்பூச்சியாக வேஷம் போட்டு, அதற்கு மேல் கோட்டு மாட்டி, மாலை முழுக்க வெறும் கோட்டாகவே வீடு வீடாகப் போய் வந்தாள். பதிமூன்று வயதாகியும் அந்தக் குறை தீரவில்லை. அதனால் வயட் வீட்டுக்குள்ளே பனி உடையில் வியர்த்து ஒழுக, அப்பா அவனைச் சுற்றி டேப்பைப் பிடித்தார்.

எங்கள் அப்பாவுக்கு நட்டும் போல்ட்டும் இல்லாமல் எதையும் செய்யத் தெரியாது. பெட்டிக்குப் பச்சைச் சாயம் அடித்து, ஓட்டுகிறவர் உட்காரும் கண்ணாடி அறை வைத்து, பக்கவாட்டில் தானியம் கொட்டுகிற குழாயும் வைத்தார். முன்னால் பயிரை வெட்டி உள்ளே இழுக்கிற அகலமான பகுதியை நாங்கள் தலை என்போம். கம்பளம் சுற்றி வந்த நீளமான அட்டைக் குழாயில் சட்டங்கள் ஒட்டி, கையால் சுற்றினால் சுழலும்படி அந்தத் தலையைச் செய்தார். கையால் திருகுகிற இரண்டு நட்டுகளில் அதைப் பெட்டியோடு மாட்டினார். மழை பெய்த நாளெல்லாம் இரண்டு பேரும் அதிலேயே கிடந்தார்கள்.

சாயம் காய்ந்த அன்று வயட் கேட்டான். “அப்பா, நீங்களும் எங்களோட வருவீங்கல்ல?”

அப்பா தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவரால் வரமுடியவில்லை. “ஆளி அறுத்து முடிஞ்சிட்டா வர்றேன்டா.”

“முடியலன்னா?”

“முடியலன்னா காலையில உன் மெஷினப் பிக்கப்ல வெச்சு ஸ்கூல்லயாவது கொண்டுவந்து விடுறேன்.”

அக்டோபரில் வானம் வெளுத்தது. அப்பா வயலோடு போய்விட்டார். மாலையில் பஸ்ஸை நிறுத்திய கையோடு அம்மா முட்டைக்கோஸ் சுருள்களையும் உருளைக்கிழங்கையும் ஐஸ்கிரீம் வாளிகளில் அடைத்து எடுத்துக்கொள்வாள். எல்லோரும் வயலுக்குப் போவோம். பிக்கப் வண்டியின் பின்பலகையைத் தாழ்த்தி அதில் தட்டுகளை வைத்துச் சாப்பிடுவோம். அப்பா நின்றுகொண்டே சாப்பிடுவார். கெய்லி கணக்குப் பாடத்தைத் திட்டுவாள். தூசி படிந்திருந்தாலும் எனக்கு இந்த வருடத்தில் பிடித்த சாப்பாடு அதுதான். வயட் மட்டும் நிற்கிற பயிரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“அம்மா, ஹாலோவீனுக்குள்ள முடிஞ்சிடுமா?”

“அதை நான் எப்படிடா சொல்றது? வயலத்தான் கேக்கணும்.”

அப்பாவின் பெயரில் அம்மா ஒருபோதும் வாக்குக் கொடுக்கமாட்டாள். கொடுத்திருந்தால் தம்பி நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று எனக்குக்கூடக் கோபம் வந்தது.

நடுவில் மறுபடி மழை. கடைசி வாரத்தில்தான் உறைபனி விழுந்து சேறு இறுகியது. ஹாலோவீன் அன்று விடியுமுன்னே அப்பா கிளம்பிப் போய்விட்டார், டீசல் தொட்டி இருந்த பிக்கப்போடு. எங்களிடம் வேறு வண்டி இல்லை.

வயட் அழவில்லை. பனி உடை போட்டு, அதற்கு மேல் பெட்டியை மாட்டி, தலையைச் சுற்றிக்கொண்டே முற்றத்தில் வந்து நின்றான். பஸ் கதவுக்கு நேராக வந்து, முட்டி, நின்றான். பக்கவாட்டில் திரும்பினான். அப்போதும் முட்டியது. பனி உடைக்கு இடம் விட்டுச் செய்த இரண்டு பேருக்கும் பஸ் கதவு நினைவுக்கே வரவில்லை.

“வயல்ல ஓட்டுறதுக்கு நல்லா பண்ணிருக்கார் அப்பா,” என்றாள் கெய்லி.

“வாய மூடு. அம்மா, பின்னால பெரிய கதவு இருக்குல்ல?”

“அது தீப்பிடிச்சா இறங்குற கதவு,” என்றாள் அம்மா. “உன்மேல எங்கயாச்சும் தீப்பிடிச்சிருக்கா?”

“இன்னிக்கு ஒரு நாள்தானேம்மா!”

“ஒரு நாள்னு எல்லாரும்தான் கேப்பாங்க. நேத்து அந்தப் பையன் கோடி ஹாக்கி வலையத் தூக்கிட்டு வந்தான். வலைய இறக்கி வெச்சேனா இல்லையா?”

நான் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று சொல்லப் போனேன். அதற்குள் அம்மா இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். சூனியக்காரித் தொப்பி அணிந்திருந்தாள். வருடா வருடம் அதே ஓட்டைத் தொப்பி. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

“அப்பா நிஜ மெஷின ரோட்டுல எப்படிக் கொண்டுபோவார்?”

வயட் மூக்கை உறிஞ்சினான். “தலையக் கழட்டிருவார்.”

“ஏன்?”

“அகலமா இருக்கும். எதிர்ல வண்டி வர முடியாது.”

“கழட்டி?”

“சக்கர வண்டில நீளவாக்குல வெச்சு, பின்னால கட்டி இழுத்துட்டுப் போவார்.”

“அப்புறம் என்னடா வாசல்ல நின்னு முட்டிக்கிட்டு இருக்க?”

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனே நட்டுகளைத் திருகினான். தலை தனியாக வந்தது. பெட்டியும் சரிந்து கதவுக்குள் நுழைந்துவிட்டது. நானும் கெய்லியும் அந்த நீளக் குழாயை வலப்பக்க சீட்டுகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தாண்டி நுழைத்தோம். வயட் முதல் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். அவன் முகம் தெரியவில்லை. அம்மா நடைவழியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. கண்ணாடியில் பெட்டியைப் பார்த்தாள்.

“மடியில இருக்கா?”

“இருக்கு,” என்றது பெட்டி.

“அப்ப கிளம்பலாம்.”

ஒவ்வொரு பண்ணையிலும் ஏறினவர்கள் காலை எங்கே வைப்பதென்று திணறினார்கள். கடைசி சீட்டில் இருந்து கோடி அம்மாவைப் பார்த்துக் கத்தினான், “மிஸஸ் பி, கால்ல ஏதோ உருளுது! யாரோடது இது?”

“என் தலை!” என்று முன்னால் இருந்து வயட் கத்தினான்.

“உன் தலை நாறுதுடா!”

“மிதிச்சே, அவ்வளவுதான்!”

அதன் பிறகு பள்ளி வரும்வரை பஸ்ஸே அந்தத் தலைக்குக் காவல். ஒரு சின்னப் பெண் காலைத் தூக்கியபடியே வந்தாள். பள்ளி நடையில் நான் நட்டுகளை இறுக்கிவிட்டேன். பள்ளியின் வேஷ ஊர்வலத்தில் அவன் தலையைச் சுற்றி, சுவரோரமாகப் பயிர் வெட்டுவது போலவே போனான். பரிசு ஏதோ ஒரு ஜெல்லிமீனுக்குக் கிடைத்தது. அதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

மாலையில் எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினோம். வயட் ஆளி வயல் இருக்கிற பக்கத்து ஜன்னலில் மூக்கை வைத்து உட்கார்ந்திருந்தான். நான் கூப்பிட்டபோது அப்பா போனை எடுக்கவில்லை. வெயில் சாய்ந்து, குச்சிகள் மட்டும் நிற்கிற நிலம் மஞ்சளாகக் கிடந்தது.

அப்போது சாலையின் கோடியில் ஆரஞ்சு விளக்கு ஒன்று மின்னி மின்னி வந்தது. அறுவடை இயந்திரம். அப்பாவேதான். ஆனால் முடித்துவிட்டு வருகிறாரா, பக்கத்து வயல் துண்டுக்கு மாறுகிறாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் என்றால் தலையோடே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்; வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால்தான் அதைக் கழற்றுவார்.

வயட் சீட்டின் மேல் முழங்காலிட்டு நின்றான். அம்மா அவனை உட்காரச் சொல்லவில்லை. இந்த இலையுதிர்காலம் முழுக்க அவள் சொல்லாமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

“முன்னால ஒண்ணும் இல்ல,” என்றான் அவன். பிறகு கத்தினான். “கழட்டிட்டார்! தலையக் கழட்டிட்டார்! பின்னால இழுத்துட்டு வர்றார்!”

அம்மா பஸ்ஸை ஓரம் கட்டி நிறுத்தினாள். இயந்திரம் எங்களைத் தாண்டும் வரை பார்த்தாள். மேலே கண்ணாடி அறையில் இருந்து அப்பா தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அம்மா ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

கெய்லி காதைப் பொத்திக்கொண்டாள். “அம்மா! ஆபத்துக்கு மட்டும்தானே அடிப்ப?”

“ஆபத்துதான்டி. உங்கப்பா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வர்றார். சாப்பிட ஒண்ணுமே பண்ணல.”

வயலில் விட்டிருந்த பிக்கப்பை அப்பா போய் எடுத்துவர, முட்டையைப் பொரித்துத் தின்றுவிட்டுக் கிளம்பினோம். அப்பா காதுக்குள் தூசியோடு பிக்கப்பை ஓட்டினார். பின்னால் தொட்டிக்குப் பக்கத்தில் தலையும் பெட்டியும். பண்ணைக்குப் பண்ணை வயட் இறங்கி அவற்றை மாட்டி, மிட்டாய் வாங்கி, மறுபடி கழற்றினான். யாரையும் நட்டைத் தொட விடவில்லை. வாசலில் நின்ற எல்லோரும் அவனுக்கு மிட்டாயைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் ஆளி எப்படி விளைந்தது என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொரு வாசலிலும் முதல் முறை சொல்வது போலச் சொன்னார்.

அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் கழித்து அவள் கைகளில் ஸ்டியரிங் இல்லை. அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் திருப்பத்தில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“சிக்னல் போடு, மெர்வ்.”

“க்ளென், கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு வண்டி இல்ல.”

“பின்னால பிள்ளைங்க பாத்துட்டு இருக்காங்க.”

அப்பா சிரித்துக்கொண்டே சிக்னலைப் போட்டார். ஆளில்லாத அந்தச் சாலையில் அது டிக் டிக்கென்று அடிக்க, நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினோம்.