வாசனையில்லாத அவரைக்காய்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்ல வெட்கமில்லை. என் தங்கைமேல் நான் பட்ட பொறாமையை வேறு யார்மேல் பட்டிருந்தாலும் அவர்கள் கருகிப் போயிருப்பார்கள்.

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் உடைத்தவர். வெள்ளைக்காரன் போன வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு ஊர் ஓரத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வாங்கினார். என்னைப் பெங்களூரில் அல்சூருக்குக் கட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குக் கண்டோன்மென்டில் தையல் வேலை. தங்கையைத் தங்கவயலிலேயே ஒரு சுரங்கத் தொழிலாளிக்குக் கொடுத்தார். இருமி இருமிச் சாகும்போது நிலத்தை அவள் பேருக்கு எழுதிவிட்டுப் போனார். பெரியவள் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே, எனக்கு என்ன கிடைத்தது? ஒரு வெண்கலச் சொம்பு.

"கடைசி வரைக்கும் அவதானே உங்கப்பாவப் பாத்துக்கினா" என்பார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. எங்க வீட்டு நியாயம் உங்களுக்குத் தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவேன்.

நான் குடியிருந்தது வரிசை வீட்டில். பத்து வீட்டுக்கு ஒரு குழாய். மிளகாய்ச் செடி வைக்க வேண்டுமென்றாலும் கிரோசின் டின்தான் நிலம். அவளுக்கோ இரண்டு ஏக்கர். கேழ்வரகு விதைத்து, நடுநடுவே ஏழெட்டுச் சாலுக்கு ஒரு சால் அவரை போடுவாள். மார்கழி பிறந்தால் ஒரு கோணிப்பை அவரைக்காயோடு காலை ரயிலில் வந்து இறங்குவாள். அந்தப் பையை அவிழ்த்ததும் வீடே மணக்கும். பனி குடித்து வளர்ந்த காய். உரித்தால் எண்ணெய் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். சோப்புப் போட்டாலும் போகாது. பெங்களூரில் அந்த வாசனைக்குச் சொகடு என்று பேர். ஊறவைத்துத் தோல் பிதுக்கிக் குழம்பு வைத்தால் என் வீட்டுக்காரர் இரண்டு உருண்டை களி கூடுதலாகத் தின்பார். எனக்கு ஒவ்வொரு வாயும் நெஞ்சில் அடைக்கும். என் அப்பா நிலத்துக் காயை எனக்கு இவள் தானம் பண்ணுகிறாளே!

ஒரு மார்கழியில் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா என் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து மோந்து பார்த்தாள். "ஏனம்மா, இந்த தடவ சொகடே இல்லியே?" என்றாள்.

மோந்தேன். இல்லை. உரித்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. நல்ல காயெல்லாம் தனக்கு வைத்துக்கொண்டு கழிசடையை அக்காவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்! முறத்தைத் தங்கை முன்னால் தட்டினேன்.

"இன்னாடி இது? மாட்டுக்குப் போடறத எனக்குத் தூக்கியாந்துகீறே?"

"இந்த வருசம் காய் அப்படிதான்கா" என்றாள். வாய்க்கு வாய் பேசுகிறவள் அன்றைக்குத் தலை நிமிரவில்லை. திருட்டு முழி என்று நினைத்தேன்.

அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த தையில் நான் பொறுக்கவில்லை. நிலத்தில் பாதியை எழுதி வாங்காமல் திரும்புவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, தங்கைக்குத் தெரிவிக்காமல் ரயிலேறினேன். பவுரிங்பேட்டையில் வண்டி மாறும்போதுகூட எந்தப் பக்கத்துப் பாதியைக் கேட்பது என்றுதான் யோசனை. கிணறு இருக்கிற பக்கத்தை விடக்கூடாது என்று முடிவு பண்ணினேன்.

அவள் வீட்டு வாசலில் கொடியில் காய்ந்த துணியை உதறிக்கொண்டிருந்தாள். உதற உதற வெள்ளைத் தூள் பறந்தது. என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"நெலத்தக் காட்டு" என்றேன். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அவள் முன்னால் நடந்தாள். ஊர் ஓரத்துக்கு வந்து நின்றாள். நான் சின்னவளாக இருந்தபோது எங்கோ தூரத்தில் இருந்த தூள் மலை இப்போது பக்கத்தில் வந்து நின்றது. தங்கம் எடுக்கக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு தண்ணீரில் அலசி, மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மலை. அதில் ஒரு புல் கிடையாது. அதன் அடியில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு வெளி.

"நெலம் எங்கடி?"

"இதான்கா."

நான் நம்பவில்லை. நல்ல நிலத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றுகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பாவி மனசு, அப்போதும் அப்படித்தான் போயிற்று. பிறகு கிணற்றைப் பார்த்தேன். அப்பா கட்டிய சுற்றுச்சுவர். விளிம்பில் நின்ற புங்கமரம் பட்டுப்போய்க் கிடந்தது.

"மழ வந்தா அந்தத் தூளு சேறா எறங்கி வருது. வந்து காஞ்சா சிமெண்டுதான். வெத மொளைக்காது. அந்த ஓரத்துல கொஞ்சம் மொளைச்சுது, ஆடிக் காத்துல தூளு வந்து மூடிடுச்சு. கெணத்துத் தண்ணிய ஆடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

"சொல்லலியா யார்கிட்டயும்?"

"சொரங்க ஆபீசுல போயி நின்னோம். காத்துக்கு நாங்களா வழி சொல்றோம்னு சிரிச்சாங்க."

நான் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மாவாட்டம் விரல் இடுக்கில் வழிந்தது. அப்பா உள்ளேயிருந்து உடைத்து மேலே அனுப்பிய கல்தான் இப்படி அரைபட்டு, அந்தக் கூலியில் அவர் வாங்கிய நிலத்தின் மேலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஐயோ அப்பா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்ப எனக்குக் கொண்டாந்த காயி?"

"உங்க ஸ்டேஷன் வாசல்ல கூடக்காரிகிட்ட வாங்கினது. ஏரித் தண்ணியில வெளஞ்ச காயாம். அதான் வாசன இல்ல."

"ஏன்டி, எங்கிட்ட சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?"

அவள் அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. "ஊர்ல எல்லாருக்கும் தெரியும்கா. பாவம்ங்கறாங்க. நீ ஒருத்திதான் எனக்கு நெலம் இருக்குன்னு எரிஞ்சிகினு இருந்தே. நீ எரியறவரைக்கும் எனக்கு நெலம் இருந்துச்சு. நீயும் பாவம்னுட்டா அப்புறம் எனக்கு இன்னா கீது?"

பாதி கேட்க வந்தவள் அன்று சாயந்திர வண்டியிலேயே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷம், எத்தனை பேச்சு!

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா பிடித்துக்கொண்டாள். நாலு பேர் குடத்தோடு நின்றார்கள். "தங்கச்சி நெலம் நோடிட்டு வந்தீங்களா? ஹேகிதெ, எப்படி இருக்குது?" என்றாள்.

"அத ஏன் கேக்கறீங்க? பூவும் பிஞ்சுமா காச்சுத் தொங்குது. அவளுக்கு இன்னா, குடுத்து வெச்சவ" என்றேன். எப்போதும் பேசுகிற அதே வயிற்றெரிச்சலோடுதான் சொன்னேன். இல்லாவிட்டால் அந்த அம்மா நம்பியிருக்க மாட்டாள்.