வராதவர்கள் அனுப்பியது

மருதப்பன் ஐம்பத்தேழு வயதில் முதன்முதலாகக் கல்யாணம் செய்துகொண்டார். உட்லண்ட்ஸ் முனையத்திலிருந்து இருபத்தாறு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுபவர். தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மார்சிலிங்கில் ஓர் ஈரறை வீட்டில் தனியாக இருந்தார்.

உடன் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் ஷிப்டை மாற்றிக்கொண்டாவது போய்விடுவார். தெரியாத குடும்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவார். மொய் உறையை மாப்பிள்ளை கையில் கொடுத்து, போட்டோவின் ஓரத்தில் நின்றுவிட்டு, பஸ் பிடித்து வீடு திரும்புவார்.

ரத்தினம்மா தினமும் காலையில் அவர் பஸ்ஸில் ஏறுபவர். ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட கேண்டீன் கடையொன்றில் வேலை. கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் நிதீஷ் கல்யாணம் ஆகிப் பொங்கோலுக்குப் போய்விட, அவர் ஒரு வாடகை அறையில் இருந்தார். இரண்டு ஆண்டுகள் இருவருக்கும் இடையே ‘குட் மார்னிங்’ மட்டும்தான். ஒருமுறை ஒரு வாரம் அவரைக் காணவில்லை. மறுபடி ஏறியபோது மருதப்பன் கேட்டார்.

“என்னம்மா, ஒரு வாரமா ஆளையே காணோம்?”

“காய்ச்சல். நீங்க ஒருத்தர்தான் கேக்கறீங்க.”

அப்படித்தான் தொடங்கியது.

கல்யாண அழைப்பிதழைப் போனிலேயே செய்துகொடுத்தவள் தங்கை மகள் வர்ஷா. கீழே ஒரு கியூஆர் குறியீடும், ‘பரிசுப் பொருள்களைத் தவிர்க்க வேண்டுகிறோம், அன்பளிப்பு தர விரும்புவோர் இதன்வழி அனுப்பலாம்’ என்ற வரியும் இருந்தன.

“காசு கேக்கற மாதிரி இருக்காதா?” என்றார் மருதப்பன்.

“எல்லாரும் இப்படித்தான் போடறாங்க மாமா. உங்க வீடு சின்னது. உங்ககிட்ட ஒரு ரைஸ் குக்கர், அத்தைகிட்ட ஒண்ணு. இன்னும் நாலு வந்தா எங்க வைப்பீங்க? இது ஈஸி லா.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ரத்தினம்மா போனில் அந்த அழைப்பிதழை வெகுநேரம் பார்த்தார். “நிதீஷுக்கும் இதையேவா அனுப்பறது?” என்று மட்டும் கேட்டார்.

“எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றார் மருதப்பன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தோ பாயோவில் ஒரு கோயில். மாடிக் கூடத்தில் நூற்றிருபது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எட்டு மணியிலிருந்தே மருதப்பனின் சட்டைப் பையில் போன் அதிரத் தொடங்கியது. ‘வாழ்த்துகள் அண்ணே, டூட்டி.’ ‘கங்ராட்ஸ் பிரதர், பிள்ளைக்கு டியூஷன்.’ ஒவ்வொரு வாழ்த்தோடும் பணம் வந்தது. அவர் யார் யார் கல்யாணத்தில் ஓரமாக நின்றாரோ, அவர்கள் எல்லாரும் ஒருவர் விடாமல் அனுப்பினார்கள். நாற்காலிகள் அப்படியே கிடந்தன. ஐயர் ஒருமுறை திரும்பிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணலாமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். மருதப்பன் தலையாட்டினார். கால் மணி நேரம் போனது. தங்கைகள் குடும்பத்தோடு சேர்த்தும் முப்பது பேர் தேறவில்லை.

ஜமால் முகம்மது மட்டும் ஓட்டுநர் சீருடையிலேயே மூச்சு வாங்க ஏறி வந்தார். இருபது ஆண்டு சிநேகிதர். “மச்சான், காசு அனுப்பல, கோச்சுக்காத. ஷிப்ட் முடிஞ்சு நேரா ஓடி வர்றேன்” என்று சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

தாலி கட்டி முடித்ததும் ரத்தினம்மாவின் பார்வை மீண்டும் படிக்கட்டுப் பக்கம் போனது. மருதப்பனின் போன் அதிர்ந்தது. நிதீஷ். பெரிய தொகை. குறிப்பு எழுதும் இடத்தில் ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டும்.

மருதப்பன் போனை அவரிடம் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது. ரத்தினம்மா படித்துவிட்டு, தலையிலிருந்து நழுவிய பூவைச் சரிசெய்துகொண்டார்.

“அவன்கிட்ட நான் காசு கேக்கலையே” என்றார்.

மிஞ்சிய சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்துக் கோயில் வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ரத்தினம்மா துணியை மடித்தார், காப்பி போட்டார். மருதப்பனுக்குத் தனிமை பழகிப்போன ஒன்று. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதும் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

பத்து நாள் கழித்து, ஓய்வு நாளில், அவர் யாரிடமும் சொல்லாமல் டோபி காட் பகுதிக்குப் போனார். நிதீஷின் அலுவலகம் அங்கேதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கீழே இறங்கி வந்தான். நின்றுகொண்டேதான் பேசினார்கள்.

“கார்டுல அந்த வரியப் போட ஒத்துக்கிட்டது நான்தான் தம்பி. உங்க அம்மா இல்ல. அவங்க உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தாங்க.”

நிதீஷ் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தப்பா ஒண்ணும் நினைக்கல அங்கிள். கார்ட பாத்ததும், ஓகே, இதப் பண்ணிட்டா போதும்னு நினைச்சேன். ஆக்சுவலி ரிலீஃபா இருந்துச்சு. அங்க வந்து எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அப்பா இருந்த இடம் அது.”

மருதப்பன் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அவன் இல்லையென்றான். அவனைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு சனிக்கிழமை மதியம் நிதீஷ், வருவதாகச் சொல்லாமலே, வந்து வாசலில் நின்றான். கையில் ஆரஞ்சுப் பழங்கள். ரத்தினம்மா கம்பிக் கதவைத் திறக்கச் சாவியைத் தடுமாறித் தேடினார். மருதப்பன் அவனை உட்காரச் சொன்னார். அந்தக் கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். மருதப்பன் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, “பால் வாங்கிட்டு வர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பால் வாங்கிய பிறகு மேலே போகவில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை அருகே உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் இரண்டு சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியாது. மேலே என்ன பேசுகிறார்கள் என்று யோசித்தார். அழுகிறார்களோ, சண்டை போடுகிறார்களோ? எதுவானாலும் அதில் தனக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பால் பாக்கெட் வியர்த்து வேட்டியை நனைத்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு லிப்ட் திறந்தது. நிதீஷ் வெளியே வந்தான். அவரைப் பார்த்ததும் நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

“கிளம்பறேன் அங்கிள். அடுத்த மாசம் வைஃபையும் கூட்டிட்டு வர்றேன்.”

“வாங்க தம்பி.”

அவன் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டிப் போகும்வரை மருதப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகும் எழுந்திருக்கவில்லை. ரத்தினம்மா முகம் கழுவிக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தார்.