ஹமீதா பானு திருத்திய கணக்கு

சேலம் கருவூலத்தில், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நேரில் காட்டுவதற்காக ஓய்வூதியக்காரர்களின் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். கைப்பைக்குள் போன் அடித்தது. ஹமீதா பானுவின் தம்பி மகள் பேசினாள்.

"ஆன்ட்டி, அத்தை மவுத்தாயிட்டாங்க. காலையில டீ குடிச்சுட்டுச் சாஞ்சவங்க எந்திரிக்கவே இல்ல. அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க. வந்துருவீங்களா?"

வரிசையை விட்டு வெளியே வந்து தர்மபுரி பஸ் ஏறினேன். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்றதில் அரை மணி நேரம் போயிற்று. ஆனாலும் முகத்தைப் பார்க்க முடிந்தது. கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் எங்கள் பழைய அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "நல்ல மனுசிங்க. அந்த மலை பால்வாடி விசயத்துல மட்டும் கணக்கத் தப்பாப் போட்டுட்டாங்க, பாவம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்மணியைப் போலவே நினைத்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், நம் மாவட்டத்தில் குழந்தைகளுக்காக அரசு செய்யும் செலவை ஆராய்ந்து அறிக்கை தர ஒரு சிறு பிரிவை அமைத்தார்கள். பால்வாடி, சத்துணவு, தடுப்பூசி, ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதி என்று பல இடத்து ஃபைல்களும் ஓர் அறைக்கு வந்து சேர்ந்தன. அறைக்கு ஒரே ஜன்னல். இரண்டாவது வாரத்தில் அதையும் ஃபைல் கட்டுகள் மறைத்துவிட்டன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதத்தில் தட்டச்சுப் பொறியின் இரும்பைத் தொட்டால் சுடும். அந்த அறையில் ஹமீதா பானு புள்ளியியல் உதவியாளர், நான் தட்டச்சர். ஏறக்குறைய ஒரே வயது. கடைசிவரை ஒருவரை ஒருவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசிக்கொண்டோம். அதில் தூரம் இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

அவர் தையற்காரர் மகள். அந்தத் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண். வேலைக்கு வந்த மறு வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தம்பிகள் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மாதச் சம்பளம் ஒரு முறை தவறினாலும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவர் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் எடைபோடுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

தொடக்க நாட்களில் ஓர் அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒருவர் செலவுப் பட்டியல் கொண்டுவந்தார். "முழுசும் செலவாயிருச்சுங்க மேடம், பாக்கியே கெடையாது" என்று பெருமையாகச் சொன்னார். பானு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "செலவாயிருச்சுன்னா யார் கைக்கோ போயிருக்கணுமில்லைங்க. அது புள்ளைங்க கைதானான்னு எங்க எழுதியிருக்கு?" எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் பொறியைப் பார்த்தேன். அந்தப் பட்டியலில் அப்படி ஒரு கட்டமே இல்லை. மறுநாள் பானு எல்லாப் படிவங்களிலும் ஒரு கட்டத்தை ஸ்கேல் வைத்துக் கையால் கோடு போட்டுச் சேர்த்தார்.

அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் மலைக்குப் போனோம். மலையூரின் பெயரை அலுவலகத் தாளுக்கு வெளியே எழுத வேண்டாம் என்று அவர் அன்றே சொன்னார்; நானும் எழுதவில்லை. அடிவாரம்வரை ஜீப். அதற்குமேல் கல்லும் முள்ளுமாக ஒற்றையடிப் பாதை. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தலைச்சுமையாகத்தான் மேலே போகும். ஜீப்பை நிறுத்திவிட்டு ஓட்டுநர் புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினோம்.

பால்வாடி ஒரு மண்சுவர் வீடு. டீச்சர் பெயர் சின்னப்பொண்ணு, அந்த ஊர்க்காரப் பெண்ணேதான். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பானு எண்ணினார். பதினொன்று. பதிவேட்டில் முப்பது பெயர்கள்.

சின்னப்பொண்ணு மறைக்கவில்லை. "பதினோரு புள்ளைங்கதாங்க. கொறைஞ்சா மூடிருவாங்கன்னு கீழ சொன்னாங்க. அதான் முப்பதுன்னு எழுதறேன். அரிசி ஒண்ணும் எங்கூட்டுக்குப் போவுல. தங்கச்சியத் தூக்கிட்டு வர்ற அக்காளுங்க தின்னுதுங்க, மாசமா இருக்கறதுங்க தின்னுதுங்க. நீங்களே பாருங்க."

பார்த்தோம். வாசலுக்கு வெளியே ஏழெட்டு வயதுப் பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தார்கள். அவர்கள் கையிலும் தட்டு இருந்தது.

"பதினொண்ணுன்னு நீங்க எழுதுனா கதவச் சாத்திருவாங்க. முப்பதுன்னு எழுதுனா பொய்யி. என்னாங்க எழுதப் போறீங்க?" என்று கேட்டார் சின்னப்பொண்ணு. கோபமாக அல்ல, சாதாரணமாகத் தெரிந்துகொள்ளக் கேட்பதைப்போல.

இறங்கும்போது பானு முன்னால் நடந்தார். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "முப்பதுன்னு எழுதுனா மலையில எல்லாம் நல்லா நடக்குதுன்னு ஆயிரும் ராஜி. அப்புறம் அந்த அக்காளுங்களுக்குன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பதினொண்ணுன்னா இதுவும் போயிரும். எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவருதான்" என்றார்.

அவர் பதினொன்று என்றுதான் எழுதினார். வெளியே நின்ற பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதினார். மையம் மூடினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுவேலைக்குப் போகும் தாயின் நாள் எப்படி இருக்கும், பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் நிற்கப்போவது யார் என்றெல்லாம் அந்தப் பக்கங்களில் இருந்தது. எங்கள் அதிகாரி (அவரும் இப்போது இல்லை, பெயர் வேண்டாம்) அந்த இரண்டு பக்கத்தையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார்.

"இது கணக்கு இல்லம்மா, கதை."

"கதையில்லைங்க சார். இதுவும் செலவுதான். நாம கட்டுல, அந்தக் குடும்பம் கட்டுது. நம்ம புத்தகத்துல வரலைங்கறதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு என்ற அட்டவணையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அதில் செலவு அதிகமானவை என்று மலை மையங்கள் எல்லாம் மேலே இருந்தன. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. "இந்த மாதிரி மையத்தையெல்லாம் எடுத்துட்டா ரோட்டோரத்துல நல்ல கட்டடமாக் கட்டலாம். பட்டியல் போடுங்க" என்றார். முதல் வடிவம்தானே என்று பானு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்து இப்போது அவரைப் பிடித்துக்கொண்டது.

மாறுதல் கேட்டார். கிடைக்கவில்லை. நீண்ட விடுப்புக் கேட்டார். அறிக்கை முடியட்டும் என்றார்கள். வேலையை விட்டுவிடலாமே என்று நான் ஒருநாள் அசட்டுத்தனமாகச் சொன்னபோது, "விட்டுட்டு? எங்கப்பா ஒத்தக் கையால ஊசி கோப்பாரா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தினமும் ஒன்பதே முக்காலுக்கு வருவார். அந்த அட்டவணையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்வார். அது எங்கோ தவறு என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் மதியம் சோற்று டப்பாவைத் திறந்தவர் மூடிவிட்டு எழுந்தார். "ராஜி, அன்னைக்கி ஜீப்பு எங்க நின்னுச்சு?"

"அடிவாரத்துலங்க. ஏன்?"

"டீசல், டிரைவர் சம்பளம், சூப்பர்வைசர் பயணப்படி எல்லாத்தையும் எல்லா மையத்துக்கும் சமமாப் பிரிச்சிருக்கேன். அந்த ஜீப்பு மலை ஏறுனதே இல்ல. சூப்பர்வைசரும் ஏறுல. வராத ஜீப்புக்கு அந்தப் பதினோரு புள்ளைங்க தலையில டீசல் எழுதியிருக்கேன் நான்!"

அந்தப் பங்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். மலை மையங்களின் செலவு இறங்கி மற்றவற்றின் நடுவில் வந்து நின்றது. தலைச்சுமைக் கூலி தவிர அங்கே கூடுதலாக எதுவும் இல்லை. சாலையோரத்து மையங்கள் சில மேலே ஏறின. திருத்திய தாளை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எழுதி முடித்தார். மறுநாள் அப்பாவை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், தாளை இரவு வீட்டில் சரிபார்த்துத் தம்பியிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வந்தபோது, பழைய கணக்கின்படி போட்ட மூடல் பட்டியல் அவர் கையெழுத்திட்ட அறிக்கையோடு மேலே போய்விட்டிருந்தது. போனதைத் திருப்பி வாங்க முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து சின்னப்பொண்ணு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து இறங்கி, நடந்தும் பஸ்ஸிலுமாக வந்திருந்தார். சண்டைக்கு வரவில்லை. "சாவிய வாங்கிட்டுப் போயிட்டாங்க. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். புள்ளைங்களுக்குத் தெரியுல. தட்ட எடுத்துட்டு வந்து கதவுகிட்ட உக்காந்துட்டுப் போவுதுங்க" என்றார். பானு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலைவரை பானு பேனாவைத் தொடவில்லை. மறுநாள் ஒரு தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். "வேண்டாங்க. உங்க மேல ஒண்ணும் வரக்கூடாது" என்றார். அதில் இருந்தது இவ்வளவுதான்: அட்டவணையில் நான் செய்த பங்கீடு தவறு. மலைக்குச் செல்லாத வாகனத்தின் செலவை மலை மையங்களின் மேல் ஏற்றினேன். திருத்திய கணக்கை உரிய நேரத்தில் கொடுக்கத் தவறினேன். இதற்கு நானே பொறுப்பு.

சுவர் சூழ்ந்த அந்த இக்கட்டிலிருந்து வெளியேற அவருக்குக் கிடைத்த ஒரே கதவு அதுதான். கணக்குத் தவறு என்று கணக்குப் போட்டவரே எழுதிக் கொடுத்தபின் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் மேற்கொண்டு எதையும் மூட முடியாது. மூடவில்லை. பட்டியலில் இருந்த மற்ற மலை மையங்கள் தப்பின. சாவி கைமாறிவிட்ட சின்னப்பொண்ணுவின் மையம் மட்டும் நான் அங்கே இருந்தவரை திறக்கவே இல்லை. பானுவுக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டார்கள், ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். பதவி உயர்வுப் பட்டியல்களில் அவருக்குப் பின்னால் வந்தவர்களின் பெயர்கள் முன்னால் போயின. கவனமில்லாதவர் என்ற சொல் அவருடைய ஃபைலில் ஏறி, ஓய்வு பெறும்வரை கூடவே இருந்தது. அந்த மலைக்கு அவர் மறுபடி போகவில்லை. ஒருமுறை கேட்டேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுங்க போறது?" என்றார்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அந்தத் திருத்திய தாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கே என் மேசைக்கு வந்துவிட்டது. அவர் தம்பி என் கையில்தான் கொடுத்தார். நான் அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துப் பார்த்தார். மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "இது வரலை. பழையதை வச்சே பட்டியல் அடிங்க. சாயங்காலத் தபால்ல போகணும்" என்றார். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. நான் நான்கு கார்பன் வைத்து அந்தப் பட்டியலை அடித்தேன். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை பானு கேட்டார்: "என் தாள் வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்களா ராஜி?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் தன் மேல் பழி எழுதியிருக்க வேண்டியதில்லை. தாளை மறைத்தவரைக் கேட்டிருக்கலாம். ஒருவேளை சின்னப்பொண்ணுவின் சாவி வாங்கப்படுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். எனக்கு அடுத்த ஆண்டு வேலை நிரந்தரமாயிற்று. அந்த நல்ல செய்திக்கு அவர்தான் அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தார். எத்தனையோ முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றே போய், பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

பணியில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் அடித்திருக்கிறேன். 'தவறு என்னுடையது' என்று ஒருவர் தானாக எழுதியதை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதையும் என்னை அடிக்கவிடாமல் அவர் கையாலேயே எழுதினார். ஹமீதா பானுவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சில வரிகளைத்தான். தவறை அப்படி எழுதும் முறையை அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லும் தகுதி எனக்கு இன்றுவரை இருந்ததில்லை.

கணக்கில் இருந்த பிழையைத் தானே கண்டுபிடித்து, நேரத்தில் திருத்திக் கொடுத்தவர் அவர். அது வந்து சேர்ந்தது தெரிந்தே பழையதைத் தட்டச்சு செய்தேன். கேட்டபோது பொய் சொன்னேன். இதற்கு நானே பொறுப்பு.