நிற்பதற்குச் சம்பளம்

திருப்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு பனியன் கண்டெய்னர் ஓட்டுகிறேன். முன்பு மாதச் சம்பளமும் பேட்டாவும் உண்டு. இப்போது ட்ரிப்புக்கு மட்டும்தான் காசு. துறைமுக வரிசையில் காத்துக்கிடக்கும் நாட்களுக்கு என்ன கணக்கு என்று முதலாளியிடம் கேட்டேன்.

"வண்டி ஓடுனாத்தானுங்க காசு. நின்னதுக்கு நான் எங்கீங்க போறது?" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

போன வாரம் அந்த வரிசையில் மூன்றாவது நாளாக நின்றேன். என் சொந்த ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர்தான். இறங்கிப் போனால் இடம் போய்விடும். அம்மாவே தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி கேட்டாள்: "சும்மா நிக்கதுக்கும் சம்பளம் உண்டாய்யா?"

"உண்டும்மா."

அவள் முகம் தெளிந்தது. "அப்போ வண்டி இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும். நாளைக்கு மீன்கொழம்பு வச்சிக் கொண்டாரேன்."