எழுதாத கவிதைக்காக ஊரை விட்டவன்

தவரெத்தினம் போய்விட்டான் என்று பாரிஸிலிருந்து அவன் மகள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். நித்திரையிலேயே போயிருக்கிறான். ஒரு வருடமாக நோயோடு அவன் பட்ட பாட்டை அறிந்தவன் நான். அழுகைக்கு முன்னால் ஆறுதல்தான் வந்தது.

பிரெஞ்சு மொழியில் அரசியல் கவிதை எழுதியவனாக உங்களில் பலர் அவனை அறிவீர்கள். விசா இல்லாதவர்களுக்காக, வேலைநிறுத்தம் செய்தவர்களுக்காக ஊர்வலங்களில் நின்று வாசித்தவன். ஆனால் எங்கள் ஊரான தேற்றாத்தீவில் என்னோடு திரிந்த காலத்தில் அவன் ஒரு வரியும் எழுதியதில்லை. எங்கள் சிறு சஞ்சிகைக்கு ரோனியோ அச்சு மெசின் சுற்றுவதுதான் அவன் வேலை. சுற்றி முடிந்தால் மூக்கு நுனி வரைக்கும் மை.

ஆட்களைக் கடத்திக்கொண்டு போன எல்லாத் தரப்பையும் கேள்வி கேட்டு அந்தச் சஞ்சிகையில் ஒரு கவிதை வந்தது. பெயர் போடவில்லை. எழுதியவன் நான். ஆயுதக்காரர் விசாரிக்கிறார்கள் என்று தகவல் வந்தபோது என் மனைவி நிறைமாதம்.

"எழுதினது நான்தான் எண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். நீ வாயத் திறக்காத" என்றான் தவரெத்தினம். அன்றே ஊரை விட்டுப் போனான்.

பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு படித்தான். ஏன் எழுதத் தொடங்கினாய் என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டேன். "கவிஞன் எண்டு அகதி மனுக் குடுத்துட்டன் மச்சான். பிறகு எழுதாம இரிக்க ஏலுமா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய் இறந்தபோதும் அவனால் வர முடியவில்லை. அந்தச் செத்தவீட்டில் அவன் தங்கை புவனத்தின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

இப்போது முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதித் தரும்படி கேட்டதும் அவள்தான். இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டி, அச்சடித்து, வந்தவர் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். ஊர்ப்பெருமை, குடிப்பெருமை எல்லாம் எழுதிக்கொண்டு போனேன். அவன் நாடு விட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்து புவனம் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

அவள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சேர். பள்ளிக்குடத்தில அண்ணனுக்குக் கட்டுர எழுதிக் குடுத்ததே நான்தானே. அவர் எங்க கவிதை எழுதுற? பிள்ளத்தாச்சி இரிக்கிற வீடு, உங்கட பேர வாயில எடுக்கப்படாதெண்டு அம்மாதான் எங்களுக்குச் சொன்னவ."

முப்பது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கியது. வெட்கமில்லாமல் அழுதேன். கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கவிதையையும் போடச் சொன்னாள். போட்டிருக்கிறேன். கீழே என் பெயர் இருக்கிறது. இத்தனை காலம் தவரெத்தினமும் அவன் தாயும் காப்பாற்றி வைத்திருந்த பெயர். இனி அதை நான் வைத்திருப்பேன்.